எந்த வெற்றி கடினமான வெற்றி?



முன்னாளில் நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில், துரைமார் கிளப்புக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் களம் இருக்கும். அங்கே புல்லை மட்டமாக வெட்டியவர்களும் வெள்ளைக் கோடு போட்டவர்களும் நம் மக்கள். வேலிக்கு வெளியே வந்து விழுந்த பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். மட்டையைப் பிடித்து ஆடியவர்கள் மட்டும் வேறு ஆட்கள். அதனால்தானோ என்னவோ, காற்பந்தையும் பூப்பந்தையும் நம்முடைய ஆட்டம் என்று உரிமையோடு பேசுகிற நாம், டென்னிஸை மட்டும் பணக்காரர் ஆட்டம் என்று ஒதுக்கி விடுகிறோம்.

இன்று அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். டென்னிஸ் உலகின் பெரிய கோப்பைகளை வென்ற மாவீரர்களின் வெற்றிகளில் மிகக் கடினமானது எது? ஐந்து வெற்றிகளை எடுத்துக்கொண்டு, ஐந்தாவதில் தொடங்கி முதலாவது வரை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். டென்னிஸில் நான்கு பெரும் போட்டிகள் உண்டு. ஆஸ்திரேலியப் போட்டி, பாரிஸில் செம்மண் தரையில் நடக்கும் பிரெஞ்சுப் போட்டி, லண்டனில் புல் தரையில் நடக்கும் விம்பிள்டன், நியூயார்க்கில் நடக்கும் அமெரிக்கப் போட்டி ஆகியவையே அவை. இன்றைய முறையில் ஒவ்வொன்றிலும் ஆண்களில் 128 பேரும் பெண்களில் 128 பேரும் களம் இறங்குகிறார்கள். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோப்பையைத் தொட வேண்டுமானால் ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஆண்கள் மூன்று செட்டுகளை வென்றாக வேண்டும். ஆகவே ஆட்டம் ஐந்து செட் வரை போகலாம். பெண்களுக்கு இரண்டு செட் போதும். ஆட்டம் மூன்று செட் வரை போகலாம். ஒரு செட்டைப் பிடிக்க ஆறு கேம்கள் வேண்டும். அதிலும் இரண்டு கேம் முன்னிலை வேண்டும்.

சரி, கடினத்தை எதைக்கொண்டு அளப்பது? பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே அளவு பாலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒருவர் வெட்டியது சமதரையில் நிற்கும் இளமரங்கள். மற்றவர் வெட்டியது சரிவில் நிற்கும் கிழட்டு மரங்கள். அதுவும் காய்ச்சல் உடம்போடு. தராசு இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் அந்த இரண்டும் ஒரே உழைப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். கோப்பையும் அப்படித்தான். ஆகவே நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். வலைக்கு எதிர்ப்புறம் நின்றவர் யார்? ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே இளைப்பாறக் கிடைத்த நேரம் எவ்வளவு? வென்றவரின் உடலும் மனமும் எந்தச் சுமையோடு களத்துக்கு வந்தன?

ஐந்தாவது இடத்தை 1982ஆம் ஆண்டு பிரெஞ்சுப் போட்டியில் வென்ற சுவீடன் நாட்டு மாட்ஸ் வீலாண்டருக்குக் கொடுப்போம். அப்போது அவருக்கு வயது 17. முந்திய ஆண்டுதான் அதே பாரிஸில் சிறுவர் பிரிவில் வென்றிருந்தார். பெரியவர்கள் பிரிவில் அவரை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அந்தச் சிறுவன் லெண்டில், கெருலைட்டிஸ், கிளெர்க் ஆகிய மூன்று பெரும் புள்ளிகளை அடுத்தடுத்து வீழ்த்தி இறுதியாட்டத்துக்கு வந்தான். அங்கே எதிரில் நின்றவர் செம்மண் தரையின் மன்னராகக் கருதப்பட்ட அர்ஜெண்டினாவின் கில்லெர்மோ விலாஸ். முதல் செட்டை 1-6 எனப் பறிகொடுத்த வீலாண்டர், 7-6, 6-0, 6-4 என அடுத்த மூன்றையும் எடுத்தார். ஆட்டம் நான்கரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது.

ஆனால் அந்தப் போட்டியில் நாம் மறக்கக் கூடாத கட்டம் அரை இறுதியில் நடந்தது. கடைசிப் புள்ளியில் கிளெர்க் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததாக அறிவிக்கப்பட்டது. வெற்றி வீலாண்டருக்கு! ஆனால் அவர் நடுவரிடம் போய், பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது, அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுபடி ஆடினார்கள், அதையும் அவரே வென்றார். கைக்கு வந்துவிட்ட வெற்றியைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் உழைத்து வாங்குவது எளிய செயலா?

நான்காவது இடம், 1980ஆம் ஆண்டு விம்பிள்டனில் வென்ற இவோன் கூலகாங்குக்கு. இவர் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களான விராஜுரி இனத்தவர். பாரெல்லன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர். பழப்பெட்டிப் பலகையை மட்டையாக்கிச் சுவரில் பந்தடித்துப் பழகிய சிறுமி அவர். உள்ளூர் டென்னிஸ் களத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவரை, அவ்வூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்து ஆடச் சொன்னார். ஒரு வாழ்க்கையே அந்த அழைப்பால் திரும்பியது.

1971இல், 19 வயதில், கூலகாங் விம்பிள்டனை வென்றார். அதன்பின் மூன்று முறை இறுதியாட்டம் வரை போய்த் தோற்றார். 1977இல் மகள் பிறந்தாள். இனி அவருடைய காலம் முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 1980இல் அரை இறுதியில் டிரேசி ஆஸ்டினை 6-3, 0-6, 6-4 எனவும், இறுதியில் கிறிஸ் எவர்ட்டை 6-1, 7-6 எனவும் வென்றார். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் கிடைத்த கோப்பை அது. 1914ஆம் ஆண்டுக்குப் பிறகு, ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையர் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் முறை. பிள்ளை பெற்ற உடலோடு மறுபடி வேலைக்குப் போவது எப்படி என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இடத்தில் நிற்பவர் ஆஸ்திரேலியாவின் ராட் லேவர். இவரை நம் நேயர்களில் மூத்தவர்கள் அறிந்திருக்கலாம். 1961 விம்பிள்டன் அரை இறுதியில் நம் தமிழர் ராமநாதன் கிருஷ்ணனை வென்று, பிறகு கோப்பையையும் வென்றவர் இவர்தான்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய 1969ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டி. அப்போது லேவருக்கு வயது 30. பிரிஸ்பேன் நகரில், கொளுத்தும் கோடை வெயிலில், அரை இறுதியில் டோனி ரோச்சைச் சந்தித்தார். இக்காலத்தில் இருவரும் ஆறு கேம்கள் எடுத்தால் டை-பிரேக் என்னும் குறுகிய முறையில் செட்டை முடித்துவிடுகிறார்கள். அப்போது அந்த முறை கிடையாது. ஒருவர் இரண்டு கேம் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் செட் 7-5. இரண்டாவது செட் எவ்வளவு தெரியுமா? 22-20! அந்த ஒரே செட்டில் 42 கேம்கள். அத்தோடும் முடியவில்லை. அடுத்த இரண்டு செட்டுகளையும் 9-11, 1-6 என லேவர் இழந்தார். ஐந்தாவது செட்டை 6-3 என எடுத்தபோது, மொத்தம் 90 கேம்கள் ஆகியிருந்தன. வெப்பம் தாங்காமல், ஈரமான முட்டைக்கோஸ் இலையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஆடினார் லேவர். இறுதியில் ஸ்பெயினின் கிமெனோவை நேர் செட்டுகளில் வென்றார். அவ்வாண்டு நான்கு பெரும் போட்டிகளையும் அவரே வென்றார். ஆனால் அந்த நான்கின் கதவையும் திறந்த சாவி பிரிஸ்பேன் வெயிலில்தான் கிடைத்தது.

இரண்டாவது இடம், குரோவேஷியாவின் கோரான் இவானிசெவிச்சுக்கு. இவர் 1992, 1994, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் தோற்றவர். 2001 வந்தபோது அவருக்குத் தோளில் தீராத வலி. உலகத் தர வரிசையில் 125ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தார். அந்த நிலையில் இருப்பவருக்கு விம்பிள்டனில் நேரடியாக இடம் கிடையாது. பழைய பெயரை எண்ணி, சிறப்பு அனுமதியின் பேரில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லப்போனால், பரிதாபப்பட்டுக் கொடுத்த இடம்.

அந்த இடத்தை வைத்துக்கொண்டு அவர் மோயா, ராடிக், ருசெட்ஸ்கி, சாஃபின் என்று ஒவ்வொருவராகச் சாய்த்தார். அரை இறுதியில் இங்கிலாந்தின் சொந்த மகன் டிம் ஹென்மன். கூட்டம் முழுவதும் அவர் பக்கம். மூன்றாவது செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் இவானிசெவிச் தோற்றுக்கொண்டிருந்தார். நான்காவது செட் தொடங்கிய சிறிது நேரத்தில் மழை வந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் மழையால் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. வென்றவர் இவானிசெவிச். மறுநாள் திங்கட்கிழமையே இறுதியாட்டம். ஓய்வு நாள் இல்லை. பேட்ரிக் ராஃப்டருடன் ஐந்து செட். ஐந்தாவதில் 8-7 என முன்னிலை. ஒரு புள்ளி போதும் என்ற நிலை வந்தது. கை நடுங்கியது; பந்து தவறியது. மூன்று முறை வாய்ப்பு வந்து நழுவியது. நான்காவது முறை அவர் விடவில்லை. 9-7. சிறப்பு அனுமதியில் வந்து விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் கோப்பையை வென்றவர் இவர் ஒருவரே.

முதல் இடத்தை, 2012 ஆஸ்திரேலியப் போட்டியில் செர்பியாவின் நோவாக் ஜோக்கோவிச் பெற்ற வெற்றிக்குக் கொடுப்போம். அப்போது அவர் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். சிறப்பு அனுமதி, பெரிய இடைவெளி என்ற கதையெல்லாம் இல்லை. அப்படியிருக்க, ஏன் அவருக்கு முதல் இடம்? நம் முதல் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு அரை இறுதியில் ஆண்டி மர்ரேயுடன் 4 மணி 50 நிமிடம் ஆடினார். எதிராளி நடாலோ தம் அரை இறுதியை ஒரு நாள் முன்னதாக, வியாழக்கிழமையே முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரவு இருவரும் மோதினார்கள். 5-7, 6-4, 6-2, 6-7, 7-5. ஐந்தாவது செட்டில் 2-4 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வந்தார் ஜோக்கோவிச். ஆட்டம் பிடித்த நேரம் 5 மணி 53 நிமிடம். பெரும் போட்டிகளின் இறுதியாட்டங்களில் அதுவே மிக நீண்டது. முடிந்தபோது மறுநாள் விடியற்காலை ஒன்றரை மணியைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 10 மணி 43 நிமிடம்! பரிசளிப்பின்போது நீண்ட உரைகள் நடந்துகொண்டிருக்க, வென்றவருக்கும் தோற்றவருக்கும் கால்கள் நிற்கவில்லை. நாற்காலி கொண்டுவந்து இருவரையும் உட்கார வைத்தார்கள்.

முதல் இரண்டு இடங்களை மாற்றிப் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நாம் சண்டைக்கு வர மாட்டோம். இந்தப் பட்டியலைப் பற்றி வீட்டில் விவாதம் நடந்தால் நல்லதுதான்.

ஆனால் நேயர்களே, நம் மூன்று கேள்விகளுக்கும் அகப்படாத ஒரு வெற்றி இருக்கிறது. 1957ஆம் ஆண்டு விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டம். வென்றவர் அமெரிக்காவின் ஆல்தியா கிப்சன். புள்ளி 6-3, 6-2. எளிதான வெற்றி என்று நம் தராசு சொல்லும்.

அந்த ஆல்தியா யார்? 1927இல், தென் கரோலினா மாநிலத்தில், பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் வளர்ந்தவர். கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த போட்டிகளில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அமெரிக்காவின் பெரும் போட்டியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. 1950இல், முன்னாள் வெற்றியாளரான ஆலிஸ் மார்பிள் என்னும் வெள்ளையர், இந்த அநீதியைக் கண்டித்து டென்னிஸ் இதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். அதன் பின்னரே வாசல் திறந்தது. அதே ஆண்டு, விம்பிள்டன் வெற்றியாளரான லூயிஸ் பிரவுவுக்கு எதிராகக் கடைசி செட்டில் 7-6 என முந்தியிருந்தபோது, இடியும் மழையும் வந்து ஆட்டம் நின்றது. மறுநாள் ஆல்தியா தோற்றார். அதன்பின் இன்னும் ஆறு ஆண்டுகள் உழைத்து, 1956இல் பிரெஞ்சுப் போட்டியை வென்றார். பெரும் போட்டி ஒன்றில் ஒற்றையர் கோப்பையை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. மறு ஆண்டு விம்பிள்டன் கோப்பையை எலிசபெத் அரசியாரின் கையால் பெற்றபோது அவருக்கு வயது 29. அக்காலத்தில் அங்கே பரிசுப் பணமும் கிடையாது.

ஆகவே நாம் நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே வர வாசல் திறந்திருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், ஆல்தியாவின் 6-3, 6-2 நம் பட்டியல் முழுவதற்கும் மேலே போய் நிற்கிறது. லேவர் 90 கேம்கள் ஆடினார். ஆனால் களத்தில் இறங்க அவரை யாரும் தடுக்கவில்லை. ஆல்தியா முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே பல ஆண்டுகள் ஆட வேண்டியிருந்தது.

இனி உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து தேர்ச்சி அட்டையைக் கொண்டுவரும்போது, எத்தனையாவது இடம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த விளக்கில் படித்தான், எவ்வளவு தூரம் நடந்தான், யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால், உள்ளே வந்து ஆடு என்று சொல்லுங்கள். பாரெல்லனில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தார்.