விடுதியில் இருக்கும் மகளுக்கு யார் துணை?

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகளை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது எந்த உம்மாவின் நெஞ்சும் கனக்கும். மெத்தை, வாளி, முஸல்லா, போத்தலில் சம்பல் என்று எல்லாம் கொடுத்தாயிற்று. ஆனால், நள்ளிரவில் அவள் மனமுடைந்து அழுதால் அருகில் இருப்பவர் யார்? அறைத்தோழி, பக்கத்து அறையின் மூத்த மாணவி, விடுதிப் பொறுப்பாளர் ஆகியோர்தான்.

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், 1996ல் பல்கலைக்கழகமான ஒலுவில் என நம் பெண் பிள்ளைகள் பல இடங்களில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஆறுதல் சொல்லவும் ஆபத்தில் உதவவும் அறிந்திருப்பது இவர்கள் ஒவ்வொருவருக்கும் தேவையான கலை. பழகினால் எவருக்கும் அது கைகூடும்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். முதலாம் வருட மாணவி ஒருத்தி மூன்று நாட்களாக விரிவுரைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. மூத்த மாணவி போய்க் கேட்கிறாள். "எனக்குப் படிப்பு ஓடுதில்ல தாத்தா. வீட்டுக்குப் போகவும் முகமில்ல" என்று அவள் அழுகிறாள்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? ரெண்டு ரக்அத் தொழுதுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. தொழுகை மனதுக்கு அமைதி தரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், பேச்சை முடித்து வைப்பதற்காக அதைச் சொன்னால், அந்தப் பிள்ளை மறுமுறை வாய் திறக்கமாட்டாள்.

முதலில் கேட்க வேண்டும். கதவைச் சாத்தி, கைத்தொலைபேசியை ஒதுக்கி வைத்து, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருக்க வேண்டும். பிறகு, "பாடம் விளங்காததா, காசுப் பிரச்சினையா, யாராவது ஏதும் சொன்னாங்களா?" என்று மெல்ல விசாரிக்கலாம். காரணம் தெரிந்த பின்புதான் ஆலோசனை.

பகிடிவதை காரணமாயின், 1998ம் ஆண்டின் 20ம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். பொறுத்துப் போகும்படி சொல்வது ஆலோசனையாகாது. விடுதிப் பொறுப்பாளரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ அவளோடு கூடவே போக வேண்டும்.

இனி, மிகக் கவனமான இடம். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று அவள் சொன்னால், "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் உண்டாகிவிடாது. மாறாக, பாரத்தை இறக்கி வைக்க அவளுக்கு வழி பிறக்கும். "ஆம்" என்றால் அவளைத் தனியே விடக்கூடாது. உடனே பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

"ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க தாத்தா" என்று கெஞ்சுவாள். ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இரகசியம் அமானிதம்தான். ஆனால், உயிர் அதைவிடப் பெரிய அமானிதம். "மற்றதெல்லாம் என்னோட இருக்கும். உங்கட உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் உதவி தேடுவன்" என்று அவளிடமே சொல்லிவிடுவது நேர்மை.

மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், "தூங்கி எழும்பினால் சரியாகும்" என்று இருந்துவிடக்கூடாது. பரசிட்டமோல் போன்றவற்றை விழுங்கியவர் முதல் நாள் நலமாகவே தோன்றலாம். ஈரல் பாதிக்கப்படுவது பிறகுதான் தெரியவரும். உடனே 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டில் குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து தாமதிக்கத் தேவையில்லை. மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவும் இரகசியம் காத்துச் செவிமடுக்கிறது.

உதவுபவளும் பிள்ளைதான். இரவெல்லாம் விழித்திருந்தவளுக்கும் ஓய்வு வேண்டும். சுமையை அவள் ஒருத்தியே சுமக்கலாகாது.

உம்மாமாரே, "நல்லாப் படிக்கிறீங்களா?" என்பதற்கு முன் "எப்படி மகள் இருக்கிறீங்க?" என்று கேளுங்கள். "சோதனை பெயில் ஆனாலும் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்" என்று இன்றே சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை, தூரத்து விடுதியில் ஓர் இரவில் அவளுக்குக் கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.