வேப்பிலை அடிக்க வேண்டாம்... மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்! பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநல பாதிப்பு

குழந்தை பிறந்து ஆறாவது நாள். தாய்வீட்டில் பத்தியச் சாப்பாடு, மருந்துக் குழம்பு என எல்லாம் முறையாக நடக்கிறது. ஆனால், பிள்ளை பெற்றவள் மூன்று ராத்திரியாகக் கண் மூடவில்லை. குழந்தை தூங்கும்போதும் எழுந்து நடக்கிறாள். நிறுத்தாமல் பேசுகிறாள். திடீரென, ''இது என் குழந்தையே இல்லை, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க'' என்கிறாள். ''பச்சை உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்'' என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள்.

இப்படிக் கோயில் கோயிலாக அலையும் நாள்கள்தான், அவள் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டிய நாள்கள்.

இது என்ன நோய்?

'போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்' எனப்படும் இந்த பாதிப்பு, ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டிவிடும்.

பிரசவமான சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மார்களுக்கும் சகஜம். அது தானாகவே சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வும் விரக்தியும் மனச்சோர்வாக இருக்கலாம். சைக்கோசிஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. தூக்கமே வராது, யாரைப் பார்த்தாலும் சந்தேகம், காதில் குரல்கள் கேட்கும், நடக்காதது நடந்ததாகத் தோன்றும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் குழம்பிப்போவார். அதனால், 'சரியாகிட்டா' என்று வீட்டினர் ஏமாந்துவிடுவார்கள். தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து ஏற்படலாம் என்பதால், இது அவசர சிகிச்சைக்குரிய நோய்.

'பைபோலார்' பாதிப்பு உள்ளவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். கர்ப்பமானதுமே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால், எந்த முன்கதையும் இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

வீட்டினர் என்ன செய்ய வேண்டும்?

* அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416.
* தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள்.
* அவர் சொல்வதை மறுத்து வாதாடாதீர்கள், திட்டாதீர்கள்.
* காய்ச்சல், வலிப்பு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தொற்று, தைராய்டு போன்ற உடல் காரணங்களையும் மருத்துவர் பரிசோதிப்பார்.
* தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதை மருந்தைப் பொறுத்து மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சரியான சிகிச்சை கிடைத்தால், பெரும்பாலான பெண்கள் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

பிரிக்க வேண்டியதில்லை!

'ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களே' என்ற பயம் பல குடும்பங்களைத் தடுக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு பதில் சொல்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

சட்டம் மட்டும் போதாது, இடமும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-ல் தொடங்கப்பட்ட தாய்-சேய் மனநலப் பிரிவில், குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தாய் சிகிச்சை பெறலாம். இப்படியொரு பிரிவுக்காக இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் போக முடியாத குடும்பங்களே அதிகம். ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் சில படுக்கைகளாவது இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிரசவமான வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்கிறார்கள், தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள். கூடவே தாயிடமும் கேட்கட்டும்: ''ராத்திரி தூங்கினியாம்மா?''