பழைய இஞ்சினும் எண்ணெய்த் தேர்வும்

கொங்கு நாட்டிற்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு நெடியது. 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் 2015-இல் திறக்கப்பெற்ற கார்க் காட்சிசாலையில் பழைய கார்கள் பல காண்போரைக் கவர்கின்றன. காட்சிக்கன்றிப் பிழைப்பிற்கே பழைய காரையும் ஜீப்பையும் நம்பியிருப்போரும் நம்மிடையே உளர். மினரல் ஆயில் வாங்குவதா, விலை மிகுந்த சிந்தெட்டிக் ஆயில் வாங்குவதா என்பது அன்னோரின் கவலை. எண்ணெய் தவறிப் பேரிங்கு பிடித்துக்கொள்ளின், வண்டியோடு குடும்பமும் நின்றுவிடுமன்றோ?

இஞ்சினுள் எண்ணெய் செய்யும் தொழில்கள் பல. அவற்றுள் உராய்வைக் குறைத்தல், வெப்பத்தைக் கடத்தல், கசடை ஏந்திச் செல்லல் ஆகிய மூன்றும் தலையாயவை. மினரல் ஆயில், கச்சா எண்ணெயை வடித்துத் தூய்மை செய்து பெறுவது. அதன் மூலக்கூறுகள் பல அளவினவாய்க் கலந்திருக்கும். சிந்தெட்டிக் ஆயிலோ, இரசாயன முறையால் பெரும்பாலும் ஒரே சீராக அமைக்கப்படுவது. ஆகலின் கடுஞ்சூட்டில் எளிதிற் சிதையாது; குளிரிலும் விரைந்து பாயும்.

நிற்க. பழைய இஞ்சினில் சிந்தெட்டிக் ஊற்றினால் ஒழுகும் என்பர் சிலர். இது முற்றிலும் பொய்யன்று. தொடக்கக் காலத்து எண்ணெய்கள் சில, ஆயில் சீல்களைச் சுருங்கச் செய்தன; பின்னர் அக்குறை நீக்கப்பட்டது. எனினும், வெடித்த சீலைப் பழங்கசடு அடைத்துக் கொண்டிருப்பின், புதிய எண்ணெய் அதனைக் கரைக்க, ஒழுக்கு வெளிப்படும். எண்ணெய் புண்ணை உண்டாக்கவில்லை. மூடியிருந்த புண்ணைக் காட்டிற்று.

வகையினும் முதன்மையானது பாகுநிலை. டப்பாவின்மேல் '20டபிள்யூ-40' என்றிருப்பின், முன்னெண் குளிரில் ஓடுந் தன்மையையும், பின்னெண் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உள்ள பாகுநிலையையும் குறிக்கும். நீலகிரியின் பனிக்காலையில் இஞ்சினைக் கிளப்புவோர்க்கு முன்னெண் சிறிதாயிருத்தல் நலம். ஆனால் பின்னெண்ணை எண்ணாது மாற்றலாகாது. தேய்ந்த பேரிங்குகளில் இடைவெளி அகன்றிருக்குமாதலால், 40 வேண்டிய இஞ்சினுக்கு 30 ஊற்றினால், சூடேறியபின் எண்ணெய் அழுத்தம் தாழும்.

இவற்றால் பெறப்படுவது யாது? ஒழுக்கும் நீலப்புகையும் இன்றி நன்னிலையிலுள்ள இஞ்சின், பாரமேற்றி மலையேறுவதாயின், தயாரிப்பாளர் குறித்த அதே பாகுநிலையில் சிந்தெட்டிக் ஊற்றுதல் பயன் தரும். எண்ணெயைக் குடித்துப் புகைவிடும் இஞ்சினுக்கோ, உரிய மினரல் ஆயிலே போதும். எரிந்து போவதற்கு விலையுயர்ந்த எண்ணெய் எற்றுக்கு? மிஞ்சும் பணத்தைச் சீலும் பிஸ்டன் ரிங்கும் மாற்றச் செலவிடுதலே தக்கது. தேய்ந்த இரும்பை எவ்வெண்ணெயும் வளர்ப்பதில்லை. எதனை ஊற்றினும், வாரந்தோறும் அளவுகோலைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புதலும், தவணை தவறாது எண்ணெயையும் பில்ட்டரையும் மாற்றுதலும் இன்றியமையாதன. விலையைக் கண்டு எண்ணெயைத் தேராது, இஞ்சினின் நிலையை அறிந்து தேர்தலே அறிவுடைமையாகும்.