மாவோரி பண்பாட்டு அறக்கட்டளையில் தொண்டாற்ற விருப்பமா?

நீங்கள் நியூசிலாந்தில் குடியேறிச் சில காலம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் மாவோரி பண்பாட்டை வளர்க்கும் அறக்கட்டளை ஒன்று விழாவுக்கு ஆள் தேடுகிறது. போக ஆசை. ஆனால் மனத்தில் ஆயிரம் கேள்விகள். நாம் மாவோரி இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா? என்ன வேலை தருவார்கள்? கடன், வழக்கு என்று ஏதாவது நம் தலையில் விழுமா?

முதல் கேள்விக்குப் பதில், தாராளமாகப் போகலாம். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல, இந்த அறக்கட்டளைகள் எப்படி நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மாவோரிகள் நியூசிலாந்தின் முதல் குடிகள். 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 8.87 லட்சம் பேர் தங்களை மாவோரி என்று பதிந்தார்கள். நாட்டு மக்களில் இது 17.8 விழுக்காடு.

சொந்த மண்ணில் சொந்தப் பண்பாட்டைக் காக்க அறக்கட்டளை எதற்கு? 1867இல் வந்த சட்டம் ஒன்று, மாவோரி குழந்தைகளின் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. பிற்பாடு பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புக்காகப் பலர் நகரங்களுக்குப் போனார்கள். பேத்தியோடு பாட்டி தாய்மொழியில் பேச முடியாத வீடுகள் பெருகின.

இந்தச் சரிவைத் தடுக்க முதலில் கிளம்பியவர்கள் பொதுமக்கள்தான். பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்கக் கோரி 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 1972 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982இல், குழந்தைகளோடு மாவோரியில் மட்டுமே பேசும் மழலையர் பள்ளி (கோஹாங்கா ரெயோ) வெலிங்டன் அருகே வைனுயியோமாத்தாவில் தொடங்கியது. அரசு மாவோரியை ஆட்சிமொழியாக அறிவித்தது 1987இல்தான். ஊர் கூடித் தொடங்குவது, அரசு பின்னால் வருவது என்ற வழக்கம் அப்போது ஏற்பட்டது. இன்றைய அறக்கட்டளைகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

அறக்கட்டளை என்றால் சட்டப்படி என்ன? பொதுநன்மைக்காக ஒதுக்கிய பணத்தையும் பொருளையும் சிலர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பொறுப்பேற்பவர்கள் அறங்காவலர்கள். எதற்காகச் செலவிடலாம், யார் காவலராகலாம் என்பதெல்லாம் நிறுவன ஆவணத்தில் (அறக்கட்டளையின் அடிப்படை விதிகள் எழுதிய பத்திரம்) இருக்கும். 1957ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, குறைந்தது இரண்டு காவலர்கள் இருந்தால் அதை வாரியமாகப் பதிவு செய்யலாம். அப்போது வங்கிக் கணக்கும் ஒப்பந்தங்களும் வாரியத்தின் பெயரில் இருக்கும். ஒருவர் விலகி இன்னொருவர் வந்தாலும் பத்திரங்களை மாற்றி எழுத வேண்டியதில்லை.

எல்லா அமைப்பும் ஒரே மாதிரிதானா? இல்லை. மராயே (குலத்தாரின் கூடுமிடமும் அதைச் சேர்ந்த கட்டடங்களும்) பெரும்பாலும் மாவோரி ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கும். அங்கே நிலக் காவலர்களை நியமிப்பது மாவோரி நில நீதிமன்றம். மராயே அந்தக் குலத்தாரின் சொத்து. வெளியாருக்கு அதில் நிர்வாகப் பங்கு எதிர்பார்க்க முடியாது. ஊர்ப் பொது விழா, நடனப் பயிற்சி, மொழி வகுப்பு நடத்தும் அறக்கட்டளைகளில் வாசல் இன்னும் அகலம். நீங்கள் போவது எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே தலைமை யாருடையது? கணக்கும் கையெழுத்தும் காவலர்களுடையவை. மரபு சார்ந்த எதிலும் மூத்தோர் (கௌமாத்துவா) சொல்வதே முடிவு. எந்தப் பாட்டு, யார் வரவேற்பது, எந்த நாள் ஆகாது என்பதைக் கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானிக்க மாட்டார்கள். அலுவலகக் கூட்டங்களுக்குப் பழகியவர்களுக்கு இது தாமதமாகத் தோன்றலாம். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இங்கே வேலை ஓடாது.

எப்போது ஆள் அதிகம் தேவைப்படும்? பிப்ரவரி 6 வைத்தாங்கி நாள். 1840இல் பிரிட்டிஷ் அரசோடு மாவோரித் தலைவர்கள் ஒப்பந்தம் செய்த நாள் அது. குளிர்காலத்தில் மாத்தாரிக்கி, அதாவது நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டம் விடியலில் மறுபடி தோன்றுவதையொட்டிய புத்தாண்டு. 2022 முதல் இது அரசு விடுமுறை. 2026இல் ஜூலை 10 அன்று வருகிறது. செப்டம்பரில் மாவோரி மொழி வாரம். இரண்டாண்டுக்கு ஒருமுறை தே மாத்தாத்தினி என்னும் நாடு தழுவிய கபா ஹாகா (பாட்டும் ஆட்டமும் சேர்ந்த குழு நிகழ்த்துகலை) போட்டி. 1972இல் ரோட்டோருவாவில் தொடங்கிய இந்தப் போட்டிக்கு வட்டாரத் தகுதிச் சுற்றுகளும் உண்டு.

புதிதாக வருபவருக்கு என்ன வேலை கிடைக்கும்? பெரும்பாலும் சமையல்கட்டு. ஹாங்கி (குழியில் சூடான கற்கள்மேல் கூடைகளை இறக்கி, ஈரத்துணியும் மண்ணும் மூடி வேகவைக்கும் விருந்து) வெந்து முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முன் விறகு அடுக்க, கிழங்கு தோல் சீவ, கூடை நிரப்ப ஆள் வேண்டும். பிறகு பந்தி, பாத்திரம். இதை மட்டமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். விருந்தினர் வயிறு வாடிப் போனால், மேடை எவ்வளவு சிறந்தாலும் அந்த மராயேவுக்குத் தலைகுனிவு. சமையல்கட்டில் நிற்பவரை எல்லோருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

என்னென்ன பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? மராயேவுக்குள் நேரே நுழையாதீர்கள். வாசலில் நில்லுங்கள், பெண்கள் குரலெடுத்து அழைத்த பிறகு, கூட்டத்தோடு மெல்ல உள்ளே போகலாம். கூடுமாளிகைக்குள் செருப்பு கூடாது, சாப்பாடும் கூடாது. சாப்பாட்டு மேசைமேலும் தலையணைமேலும் உட்காரக் கூடாது. பாத்திரம் துடைக்கும் துணியை உடுதுணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. உணவும் உடம்பும் கலக்கக் கூடாது, தலை புனிதமானது என்ற இரண்டு எண்ணங்கள்தான் இவற்றுக்கு அடிப்படை. கேட்காமல் குழந்தையின் தலையைத் தடவுவதையும் தவிர்க்கலாம். விருந்தாளியாகப் போனால் உறையில் போட்ட கோஹா (அன்பளிப்பு) கொடுப்பது வழக்கம்.

படம் எடுக்கலாமா? கேட்டுவிட்டு எடுங்கள். பாட்டும் வம்ச வரலாறும் குறிப்பிட்ட குலங்களுக்கு உரியவை. அழகாக இருக்கிறதே என்று பதிவு செய்து இணையத்தில் போடுவது, உங்கள் பிள்ளையின் பள்ளி விழாவில் ஆடவைப்பது எல்லாம் அனுமதி பெற்ற பிறகுதான்.

கைக்காசு செலவானால் திரும்பக் கிடைக்குமா? முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, ரசீது வைத்திருந்தால் பொதுவாகக் கிடைக்கும். உழைப்புக்கு மதிப்பூதியமாக ஒரு தொகை தந்தால் அது வேறு. அதற்கு வருமான வரி உண்டு.

உங்களையே அறங்காவலராக அழைத்தால்? பெருமைதான், ஆனால் உடனே தலையாட்டாதீர்கள். 2021 ஜனவரி 30 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, நிறுவன ஆவணத்தைப் படித்துத் தெரிந்திருப்பது காவலரின் கட்டாயக் கடமை. நேர்மையாக நடப்பதும் அறக்கட்டளையின் நோக்கத்துக்காகவே செயல்படுவதும் அப்படியே. ஆவணம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஊதியம் பெறக் கூடாது, முடிவுகளும் ஒருமனதாக இருக்க வேண்டும். நேர்மைக்கேடோ கடும் அலட்சியமோ செய்தவரை எந்த ஆவணமும் காப்பாற்றாது. சம்பளம் இல்லை என்பதால் பொறுப்பு குறைவதில்லை.

எல்லோரும் பொறுப்பாளராக முடியுமா? பதிவு பெற்ற அறநிறுவனம் என்றால், திவால் நிலையிலிருந்து மீளாதவரும் கடந்த ஏழாண்டுக்குள் மோசடி போன்ற குற்றத்தில் தண்டனை பெற்றவரும் பொறுப்பாளராக முடியாது.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் உதவலாமா? கைம்மாறு எதுவும் பெறாத தொண்டு ஒன்று, உழைப்புக்கு ஈடாகத் தங்குமிடம் பெறுவது வேறு. பின்னது வேலையாகக் கருதப்படலாம். சந்தேகம் இருந்தால் குடிவரவுத் துறையிடம் கேட்ட பிறகு இறங்குங்கள்.

நேரம் இல்லை, பணம் தரலாமா? தரலாம். 5 டாலரும் அதற்கு மேலும் தரும் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கை வரித்துறையிடம் திரும்பக் கோரலாம். அறக்கட்டளை வரித்துறையின் நன்கொடைப் பட்டியலில் இருக்க வேண்டும், நீங்கள் ரசீது வைத்திருக்க வேண்டும்.

நம்பகமான அமைப்புதானா என்று எப்படிப் பார்ப்பது? அறநிறுவனங்களின் பதிவேடு பொதுவானது, காசில்லாமல் தேடலாம். பொறுப்பாளர் பெயர்களும் விதிகளும் ஆண்டறிக்கைகளும் அதில் இருக்கும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பல ஆண்டுகளாகத் தாமதம் என்றால், காரணத்தை நேரிலேயே கேட்டுவிடுங்கள். தொண்டர்கள் நடத்தும் அமைப்பில் பெரும்பாலும் கணக்கு எழுத ஆள் கிடைக்காததுதான் சிக்கல். உங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்றால், நீங்கள் எந்தப் பக்கம் உதவலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

முதல்முறை போகும்போது பெரிய வாக்குறுதி எதுவும் வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி நேரம் உங்களால் முடியும் என்று சொல்லுங்கள். அந்த நாளில் தவறாமல் போய் நில்லுங்கள்.