சோற்றுக்குள் நுழையும் பாஷாணம்... நெல்லில் கதவைத் திறப்பது யார்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் நெல் தண்ணீரில் நிற்கிறது. மேற்கே கல்வராயன் மலை ஏறினால் சாமையும் தினையும் மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் விளைகின்றன. இந்த வித்தியாசத்துக்கும் ஒரு விஷத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த விஷம், நம் முன்னோர் பாஷாணம் என்று பயந்த ஆர்செனிக்.

ஆர்செனிக் இயற்கையாகவே மண்ணில் இருக்கிறது. காய்ந்த நிலத்தில் அது இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வயலில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. பிடி தளர்ந்து ஆர்செனிக் நீரில் கரைந்துவிடும். அதனால்தான் மற்ற தானியங்களைவிட நெல் சுமார் 10 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சுகிறது.

வங்கத்தில் நடந்தது

இதில் நம் நாட்டில் பெரிய அடி வாங்கியது மேற்கு வங்கம். குளத்து நீரால் நோய் வருகிறதே என்று ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். 1983-ல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி.சாஹா, தோலில் கரும்புள்ளிகளோடும் தடித்த உள்ளங்கை, உள்ளங்கால்களோடும் வந்தவர்களைப் பார்த்தார். காரணம், அந்தக் கிணற்று நீரில் இருந்த ஆர்செனிக். பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதே நீர் வயலுக்கும் பாய்ந்ததால் அரிசியிலும் ஏறியது.

ஏமாந்துபோகும் வேர்

விஷம் என்று தெரியாமலா நெல் அதை உள்ளே விடுகிறது? ஆமாம், தெரியாமல்தான்! நெற்பயிர் நிமிர்ந்து நிற்கவும், பூச்சியையும் நோயையும் தாங்கவும் சிலிக்கான் வேண்டும். அதை உள்ளே இழுக்க வேரில் எல்.எஸ்.ஐ-1, எல்.எஸ்.ஐ-2 என்ற இரண்டு மரபணுக்கள் கதவு அமைத்துத் தருகின்றன. தண்ணீரில் கரைந்த ஆர்செனிக், வடிவத்தில் சிலிக்கானைப் போலவே இருக்கும். ஆள்மாறாட்டம் செய்து அதே கதவு வழியே நுழைந்துவிடுகிறது. ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2008-ல் இதை நிரூபித்தார்கள்.

'அப்படியானால் கதவை மூடிவிடலாமே' என்று தோன்றும். மூடினால் சிலிக்கானும் வராது; பயிர் நோஞ்சானாகி விளைச்சல் விழுந்துவிடும். விஷத்துக்குப் பயந்து பட்டினி கிடக்க முடியுமா?

பூட்டி வைக்கும் வித்தை

அதனால் விஞ்ஞானிகளின் பார்வை, உள்ளே வந்த விஷத்தை நெல்மணிக்குப் போகாமல் தடுக்கும் மரபணுக்கள் பக்கம் திரும்பியது. ஏ.பி.சி.சி-1 என்ற மரபணு, ஆர்செனிக்கைத் தண்டின் கணுக்களில் உள்ள செல்களின் உள்ளறையில் தள்ளிப் பூட்டுகிறது. 2014-ல் வெளியான ஆய்வில், இந்த மரபணுவை முடக்கியபோது நெல்மணியில் ஆர்செனிக் கூடியது.

பூட்டி வைப்பதில் மன்னன், சீன பிரேக் என்கிற ஒரு வகைப் பெரணிச் செடி. விஷமேறிய மண்ணில் வளர்ந்து, ஆர்செனிக்கை இலைகளில் குவித்துக்கொண்டு பச்சைப் பசேலென்று நிற்கும். 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கு உதவும் ஏ.சி.ஆர்-3 என்ற மரபணு நெல்லிடம் இல்லை.

ஆனால் நெல் ரகத்துக்கு ரகம் உறிஞ்சும் அளவு மாறும். அப்படிக் குறைவாக உறிஞ்சுகிற 'முக்தஸ்ரீ' ரகத்தை, மேற்கு வங்கத்தின் சின்சுரா நெல் ஆராய்ச்சி நிலையமும் லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தன.

நம் கையில் இருப்பது

புதிய ரகங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில், வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குக் காற்று கிடைக்கும். ஆர்செனிக் கரைவது குறையும். தண்ணீரும் மிச்சம்.

சமையலறையிலும் வழி இருக்கிறது. அரிசியை நன்றாகக் களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்தால் கணிசமான ஆர்செனிக் வெளியேறும். குக்கரில் தண்ணீர் வற்ற வைத்தால் அது சோற்றிலேயே தங்கும். வடிக்கும்போது சில வைட்டமின்களும் போகும்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2020-ல் இதற்கு ஒரு வழி சொன்னது: 5 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் அளவாக ஊற்றி வேகவைக்கலாம். வெள்ளை அரிசியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஆர்செனிக் குறைந்தது.

ஒரு நிபந்தனை: உலையில் ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் கூடாது. நிறம், மணம், ருசி எதிலும் இது தெரியாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி. வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது, ஆர்செனிக்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.