நல்ல தண்ணீர் கேட்காத படம்

தனுஷ்கோடியில் உச்சிவெயிலில் படமெடுப்பது சிரமம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் நிழலில் கறுத்து விழும். பின்னால் வானமும் மணலும் கண்கூச வெளுத்துவிடும். இன்று கைப்பேசிச் செயலியில் விரலை இரண்டு முறை நகர்த்தி இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பிலிம் காலத்து இருட்டறையில் இதையே செய்ய, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் ஒளி காகிதத்தில் விழும் சில நொடிகளுக்குள் சுவர்ப் பகுதியை அட்டைத்துண்டால் மறைத்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்காவிட்டால் அதன் விளிம்பு கோடாகப் பதியும். காகிதம் வீண், மறுபடி முதலிலிருந்து.

இருட்டறை கேட்டது கைத்திறனை மட்டுமல்ல. குளிர்ச்சியையும் நல்ல தண்ணீரையும் கேட்டது. கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் டெவலப்பருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். சூடு கூடினால் படம் வேகமாகக் கறுக்கும், ஜெலட்டின் பூச்சு இளகும். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போ முற்றிலும் போகும்வரை அலசவும் வேண்டும். மிச்சமிருந்தால் படம் நாளடைவில் பழுப்பேறி மங்கும். நம் நாட்டுப் பிலிமைத் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஊட்டிக் குளிரில் இருந்தது. குடிக்கவே குடத்தோடு நல்ல தண்ணீருக்கு அலையும் இராமநாதபுரம் வெக்கையில் வீட்டுக்கொரு இருட்டறை சாத்தியமே இல்லை. அந்தத் தடையைத்தான் கணினியும் கைப்பேசியும் உடைத்தன. தவறுக்கு விலை இல்லாததால், ஒரே படத்தைப் பத்து விதமாகத் திருத்திப் பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்ளலாம்.

எளிதானதால் பொய்ப்படங்கள் பெருகிவிட்டன என்பது நியாயமான கவலை. ஆனால் பொய் கணினியோடு பிறந்ததல்ல. 1940-இல் சோவியத் ரகசியப் போலீஸின் முன்னாள் தலைவர் யெஷோவ் கொல்லப்பட்ட பிறகு, ஸ்டாலினுக்குப் பக்கத்தில் அவர் நின்ற படத்திலிருந்தே அவரை அழித்தார்கள். போட்டோஷாப் வந்தது 1990-இல்தான். அன்று அந்த வித்தை சிலரிடம் இருந்தது. இன்று பலரும் அதை அறிந்திருப்பதால் சந்தேகப்படவும் பலருக்குத் தெரிகிறது. நெகட்டிவ் போல டிஜிட்டல் படம் நிலைக்குமா என்பது இன்னும் கனமான கேள்வி. கைப்பேசி தொலைந்தால் படமும் போகும். இரண்டு இடங்களில் பிரதி வைப்பது கட்டாயம். ஆனால் உப்புக்காற்றின் ஈரத்தில் நெகட்டிவும் பூஞ்சை பிடிக்கும்; பாதுகாப்பு இரண்டுக்குமே உழைப்புதான். ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. வெயிலில் கறுத்த மீனவர் முகம் படத்தில் எந்த நிறத்தில் வரவேண்டும் என்பதை அன்று பிரிண்ட் போட்டவர் முடிவுசெய்தார். இன்று அந்த முகத்துக்கு உரியவரே முடிவுசெய்யலாம்.