உங்களுக்குத் தெரியுமா? மொரப்பூர் மாம்பழத்துக்கும் உலக நம்பர் உண்டு!

மொரப்பூரில் கூடையில் வைத்து விற்கிற மாம்பழம், ஜப்பான் சுங்க அதிகாரிக்கு 0804.50! துபாய்க்காரருக்கும் அதே 0804.50! மாம்பழம் என்கிற பெயரே தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும்!

தக்காளி? 0702. மஞ்சள்? 0910.30. மரவள்ளிக்கிழங்கு? 0714.10. அதையே ஜவ்வரிசி ஆக்கிவிட்டால் நம்பரே மாறி 1903 ஆகிவிடும்! தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகிற பட்டுக்கூடும் தப்பவில்லை. அது 5001!

எச்.எஸ். கோடு என்கிற இந்த நம்பர் முறை 1988 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகச் சரக்கு வணிகத்தில் 98 சதவீதம் இதற்குள் அடக்கம்! கடைசி அத்தியாயம் 97. ஆனால் 77-வது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றுமே இருக்காது! பிற்காலத்தில் வரப்போகிற சரக்குக்காகக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள்!

இதெல்லாம் பி.காம்., எம்.பி.ஏ. ஆட்களுக்குத்தானே என்கிறீர்களா? இல்லவே இல்லை! கணிதமோ வரலாறோ மேஜராக இருக்கட்டும். கல்லூரியில் வழி இருந்தால், சர்வதேச வணிகத்தை மைனராக எடுத்துக்கொள்ளலாம்! நம்ம ஊர்க் கல்லூரிகளில் ‘அலைடு’ என்று பக்கத்தில் ஒரு பாடம் ஓடுமே, கிட்டத்தட்ட அந்த இடம்தான்!

யு.ஜி.சி. 2022-ல் போட்ட கணக்கைக் கேளுங்கள். மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். அதில் மைனருக்கு வெறும் 24! ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு. பெருக்கினால் 360 மணி. இராப்பகலாகச் சேர்த்து எண்ணினால் 15 நாள்தான்!

சரி, படித்தாயிற்று. ஏற்றுமதி செய்ய லைசென்ஸுக்கு எங்கே அலைவது? அலையவே வேண்டாம்! ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய்! புது நம்பரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் பான் நம்பரேதான் ஐ.இ.சி. நம்பர்!

அடுத்தது, எனக்கு ரொம்பவே பிடித்த சங்கதி. எல்.சி. என்கிற கடன் உறுதிக் கடிதத்தின் பேரில் பணம் கொடுக்கிற வங்கி, சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்காது! மாம்பழம் பழுத்ததா, அழுகியதா? அது வங்கியின் கவலையே இல்லை! பார்ப்பது தாள்களை மட்டும். கப்பல் ரசீதில் என்ன தேதி, இன்வாய்ஸில் என்ன தொகை, எல்.சி.யில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் முதல்தரச் சரக்குக்கும் பணத்தை நிறுத்திவைக்கலாம்! சரிபார்க்க வங்கிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 5 வேலை நாள். விதிகளின் பெயர் யு.சி.பி. 600. ஆனால் மொத்த விதிகளே 39தான்!

லாரி வாடகை யாருடையது? கப்பல் கூலி யாருடையது? வழியில் சரக்கு நாசமானால் யார் தலையில் விடியும்? பக்கம் பக்கமாக ஒப்பந்தம் எழுத வேண்டாம். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று மூன்றே எழுத்து போதும்! இன்கோடெர்ம்ஸ் என்கிற இந்த விதிகள் பிறந்தது 1936-ல். இப்போது மொத்தம் 11!

இந்தப் படிப்புக்கென்றே தனிப் பள்ளிகளும் உண்டு! அமெரிக்காவில் தண்டர்பேர்ட் என்று ஒரு சர்வதேச வணிகப் பள்ளி. 1946-ல் அது தொடங்கிய இடம், இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த விமானத்தளம்! டெல்லியில் நம்முடைய ஐ.ஐ.எஃப்.டி. பிறந்தது 1963-ல்!

மொரப்பூருக்கே ஒரு பெருமை உண்டு, விட முடியுமா? 1906-லேயே இங்கிருந்து தர்மபுரிக்குக் குட்டி ரயில் ஓடியது! தண்டவாள அகலம் இரண்டரை அடி! பிறகு ஓசூர் வரைக்கும் நீண்டது. 1940-களில் நின்றே போனது. மொரப்பூர் – தர்மபுரி புதுப் பாதைக்கு 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். தூரம் 36 கிலோமீட்டர்!

ஏற்றுமதி ஒப்பந்தமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்தால், கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்குப் போங்கள். சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்கிற கப்பல் எகிப்துக்குச் சரக்கு ஏற்றிப் போனது. யானைத் தந்தமும் கங்கைக் கரை வாசனைப் பொருளும் அதில் இருந்தன! அந்த வணிகத்துக்குக் கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த பாப்பிரஸ் தாள் இன்னும் இருக்கிறது! எங்கே தெரியுமா? வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில்! தாளின் பின்பக்கத்தில் சரக்குக் கணக்கு. மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் ரோமானியச் செஸ்டர்ஸ் நாணயம்! ரோமாபுரி அரசு அதற்குப் போட்ட சுங்கவரி எவ்வளவு தெரியுமா? முழுசாக 25 சதவீதம்!